மடக்கிய கால்கள்: நெடுநாள் வலியோடு ரமணர் கழித்த முதுமை

மருத்துவமனைக் கேஸ் ஷீட்டின் பாணியில் எழுதினால் ரமண மகரிஷியின் நோய்வரலாறு சில வரிகளில் முடிந்துவிடும். ஆண், பிறந்தது 1879 டிசம்பர் 30, இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி, 16 வயதிலிருந்து கடைசி நாள்வரை இருப்பிடம் திருவண்ணாமலை, நோயாளி தானாக முன்வந்து சொன்ன முறையீடு எதுவும் இல்லை, உடனிருந்தவர்கள் கண்டது, கால்களை முடக்கி முதுகையும் தோள்களையும் பிடித்திருந்த வாத வலி, நடப்பதற்குக் கைத்தடி, கடைசிப் 14 மாதங்களில் இடக்கையில் சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டி, இறப்பு 1950 ஏப்ரல் 14, இரவு 8:47.

ரமண மகரிஷியின் நோய் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் சார்கோமாவும் அதற்காகச் செய்யப்பட்ட நான்கு அறுவைச் சிகிச்சைகளும்தான். 1949 பிப்ரவரியில் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டியாகத் தோன்றியது, அகற்றிய பிறகும் திரும்பத் திரும்ப வளர்ந்தது, கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் வேண்டாம் என்றது ஆகிய எல்லாம் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முன் பல ஆண்டுகள் அதே உடலில் குடியிருந்த வாத வலியையோ பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். மூட்டுவலிக்கு எல்லா வீட்டிலும் இதுதான் கதி. புற்றுநோய் என்றால் உறவே திரண்டு வந்து நிற்கும். முட்டி வலிக்கிறது என்றால் “வயசாச்சுல்ல” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் புண் இல்லை, ஆபத்தான கட்டம் என்று ஒன்றும் இல்லை, குணமான நாள் என்று கொண்டாட ஒரு தேதியும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ மீண்டும் மீண்டும் வந்தாலோ அதை நாட்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. நம் பெரியவர்களில் பலருக்கு அந்த மூன்று மாதம் முடிந்து முப்பது வருடம் ஆகியிருக்கும்.

ஆகவே இந்த ஆய்வு பெரும்பகுதியும் அந்த மெதுவான வலியைப் பற்றியது. அவர் வலியைத் தாங்கினாரா, கடந்தாரா என்ற தத்துவ விசாரத்துக்கு நான் தகுதியானவன் அல்லன். என் கேள்விகள் சிறியவை. வலி இருக்கும் உடலோடு ஒருவர் தம் நாளை எப்படி அமைத்துக்கொண்டார்? எந்த உதவியை ஏற்றார், எதைத் தள்ளினார்? அந்த ஏற்பிலும் தள்ளலிலும் ஏதேனும் கணக்கு இருந்ததா?

உடல் பட்ட பாடு

முதுமையில் வலிக்கும் உடலுக்கு எப்போதும் ஒரு முன்கதை உண்டு. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற அந்தப் பையன், முதல் மாதங்களில் பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில் அசைவற்று உட்கார்ந்திருந்தான். இருட்டும் ஈரமும் நிறைந்த அந்த இடத்தில் பூச்சிகள் தொடையை அரித்துச் சீழ் வைத்ததையும் அறியாமல் இருந்தவனைச் சிலர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தழும்புகள் கடைசிவரை அவர் தொடையில் இருந்தன. பிறகு மலைமேல் விரூபாட்ச குகை, 1916 முதல் ஸ்கந்தாச்ரமம், தாய் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்த பின் அதே ஆண்டு டிசம்பரில் மலையடிவாரம். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாறையிலும் படியிலும் ஏறி இறங்கிய கால்கள் அவை. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி நேரம் மடக்கி வைக்கப்பட்டவையும் அவையே.

அடியும் பட்டிருக்கிறார். 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் புகுந்த திருடர்கள் அவருடைய இடது தொடையில் ஓங்கி அடித்தபோது, திருப்தி இல்லையென்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்று அவர் சொன்னதும், அடுத்து அந்த அடியைப் பற்றித் தமக்கும் ‘பூசை’ கிடைத்தது என்று சிலேடையாகச் சொல்லிச் சிரித்ததும் பலரும் அறிந்தவை. சாமிக்குச் செய்வதும் பூசை, முதுகில் விழுவதும் பூசை என்ற நம் பேச்சுவழக்கு தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் ருசி புரியும். இன்னொரு முறை மலையில் ஓர் அணிலை நாய் துரத்தியபோது, இரண்டுக்கும் நடுவே கைத்தடியை எறிந்து அணிலைத் தப்பவைத்தவர், அந்த வேகத்தில் சறுக்கி விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார்.

அந்தக் காலத்து ‘ருமாட்டிசம்’ என்ற ஒரே சொல்லுக்குள் குருத்தெலும்புத் தேய்மானம், முடக்குவாதம், தசைப்பிடிப்பு எல்லாமே அடங்கிவிடும். ஆகவே அதை இன்றைய பெயர் எதுவாகவும் மாற்றி எழுத நான் துணியவில்லை. தமிழில் வலிக்குப் பெயர் பஞ்சமே கிடையாது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, எரிச்சல் என்று நம் பாட்டிமார் பிரித்துச் சொல்லும் நுட்பத்துக்கு எந்த நோய்ப்பட்டியலும் ஈடாகாது. ரமணரோ அந்தச் சொற்களில் ஒன்றையும் தமக்காகச் செலவழிக்கவில்லை. அதனாலேயே, அவருக்கு வலியே இல்லை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வலியின் வரையறையை 2020இல் திருத்தியபோது, வாயால் சொல்வது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளில் ஒன்றுதான் என்றும், சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் குறிப்புச் சேர்த்தது. அது பேச முடியாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பேச விரும்பாதவர்களுக்கும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. முழங்காலைத் தாமே தேய்த்துக்கொண்ட கைகளும், கைத்தடியும், தயங்கித் தயங்கி வைத்த அடிகளும் போதுமான வாக்குமூலம்.

பழைய ஹாலில் ஒரு நாள்

1940களில் அவருடைய நாள் மணிக்கணக்குப்படி நடந்தது. விடியுமுன் பாராயணம், குளியல், காலை உணவு, பிறகு சிறிது தூரம் நடை. மதிய உணவு முடிந்ததும் பக்கத்துப் பலாக்கொத்துத் தோப்புப் பக்கம் இன்னொரு நடை. மாலை நாலேமுக்காலை ஒட்டி மலைப் பக்கம் மூன்றாவது நடை. அந்தி சாய்ந்ததும் மறுபடி பாராயணம். நடைகளுக்கு இடையே ஆசிரமத்தின் பழைய ஹாலில் ஒரு சோபா. பகலும் இரவும் அதிலேதான். தபால் வரும், படிப்பார். செய்தித்தாள் வரும், அதையும் படிப்பார். கிழிந்த புத்தகத்தைத் தைத்து அட்டை போடுவார். யாராவது கேள்வி கேட்டால் பதில் வரும், சில சமயம் வராது.

இன்று மூட்டுவலிக்காரர்களுக்குப் பிசியோதெரபியில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், வலிக்கிறதே என்று முடங்கிவிடாமல், நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, நேரம் தவறாமல் நடக்க வேண்டும் என்பதே. நல்ல நாளில் ஒரேயடியாக ஓடியாடிவிட்டு மறுநாள் படுத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம்; தீபாவளிக்கு முன்பு ஒட்டடை அடித்துவிட்டுத் தீபாவளியன்று எழ முடியாமல் கிடக்கும் அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவருடைய நடையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஒருகாலத்தில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை அடிக்கடி சுற்றியவர், 1926 வாக்கில் அதை நிறுத்தினார்; தம்மோடு கூட்டம் சேர்ந்துகொண்டதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கிரிவலம் நின்றது, மலை நடை நிற்கவில்லை. உடல் எவ்வளவு தூரம் அனுமதித்ததோ அவ்வளவு தூரம், அதே நேரத்தில், அதே தடியோடு.

குளிர்காலத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் கரியிட்ட குமுட்டி அடுப்பு இருக்கும். கௌபீனமும் ஒரு துண்டும் தவிர வேறு உடுப்பு இல்லாதவருக்கு மார்கழி விடியலில் அது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கைகளை அதன்மேல் காட்டிச் சூடாக்கி உடம்பில் ஒற்றிக்கொள்வார். தொண்டர்கள் தைலம் தேய்த்துக் கால் பிடித்துவிடுவார்கள். அதில் புண்ணியம் சேரும் என்று ஆளுக்கு ஆள் போட்டி போடுவதைப் பார்த்து, இந்தச் சாமியின் காலைப் பிடித்துக் கொஞ்சம் புண்ணியத்தை நானும் சேர்த்துக்கொள்கிறேனே என்று சொல்லி அவரே தம் காலைத் தேய்த்துக்கொண்டதும் உண்டு. நகைச்சுவையாக மட்டும் இதைப் படித்தால் பாதி போய்விடும். நெடுநாள் நோயாளிகளுக்கு உள்ள பெரிய சங்கடங்களில் ஒன்று, தம் உடல் பிறர் கைப்பொருளாகிவிடுவது. பணிவிடை செய்பவரின் அன்பு எவ்வளவு உண்மையானதோ அவ்வளவுக்குத் தள்ளிவிடவும் முடியாமல் போவது. ஒரு வேடிக்கைப் பேச்சால் யாரையும் புண்படுத்தாமல் தம் காலைத் தாமே திரும்ப வாங்கிக்கொண்டார் அவர்.

தடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் ஒருமுறை முள் நிறைந்த ஒரு கொம்பை எடுத்து உட்கார்ந்து, முள்ளைச் சீவி, கணுக்களைச் செதுக்கி, சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து, பல மணி நேர உழைப்பில் வழவழப்பான கைத்தடி ஒன்றைச் செய்து முடித்தார். பலனில் பற்றில்லாமல் வேலை செய்வது எப்படி என்று உடன் இருந்த ஒருவர் கேட்டிருந்தார், பதில் வரவில்லை. தடி முடிந்த நேரத்தில், தன் கோலைத் தொலைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்ற ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் எதிர்ப்பட, அதை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்டவர் தம் கேள்விக்கு விடை கிடைத்ததாக எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் முதலில் தெரிவது கைவேலைதான். தையல் இலை தைப்பது, காய் நறுக்குவது, புத்தகம் கட்டுவது, தடி செதுக்குவது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய வேலைகளின் பெரிய கையிருப்பு அவரிடம் இருந்தது. கால்கள் ஒத்துழைக்காத வயதில் அந்தக் கையிருப்பு எவ்வளவு பெரிய சொத்து என்பதை, ஓய்வு பெற்ற மறுநாளே தொலைக்காட்சி முன் உட்கார்த்தி வைக்கப்பட்ட பெரியவர்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சமையலறையிலும் அப்படித்தான். 1930களின் பிற்பகுதிவரை விடிகாலை இருட்டிலேயே அங்கே போய்க் காய் நறுக்குவார், துவையல் அரைப்பார், தோலையும் காம்பையும் மாட்டுக்கு ஒதுக்கி வைப்பார். தரையில் சிந்திய அரிசியை மணி மணியாகப் பொறுக்கி எடுத்ததை உடன் வேலை செய்த பெண்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

மடக்கிய கால்

இந்த நோய்வரலாற்றில் வலி முழு வெளிச்சத்தில் தெரியும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆண்டுகளில் கால்களை நெடுநேரம் மடக்கி உட்கார அவரால் முடியாது. சோபாவில் நீட்டிக்கொண்டுதான் இருப்பார். ஒருநாள், தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாத வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ஹாலில் கால்களை அவர் இருந்த பக்கம் நீட்டி உட்கார்ந்துவிட்டார். பெரியவர் எதிரில் கால் நீட்டுவதா என்று பதறிய தொண்டர் ஒருவர், கால்களை மடக்கிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னார். இதைக் கவனித்த ரமணர், பிறரைப் பார்த்துக் கால் நீட்டுவது தவறு என்றால் அது தமக்கும் பொருந்த வேண்டுமே, தாம் எல்லாரையும் பார்த்தல்லவா நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிச் சம்மணமிட்டுக்கொண்டார். தொண்டர் தவித்துப்போனார். வந்தவர்கள் போன பின்பும் ரமணர் கால்களை நீட்டவில்லை. கயிலையில் சிவபெருமான் பக்கமே கால் நீட்டி உட்கார்ந்த ஔவையார், ஈசன் இல்லாத திசை எது என்று காட்டினால் அந்தப் பக்கம் நீட்டிக்கொள்கிறேன் என்று கேட்ட கதையைச் சொல்லிவிட்டு, ஔவை சொன்ன நியாயம் தமக்கும் உதவுமோ என்பதுபோல் பேசினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். நம் வழிபாடுகள் எல்லாமே முழங்காலைக் கேட்பவை. கோயிலில் விழுந்து கும்பிட வேண்டும். தேவாலயத்தில் முழந்தாளிட வேண்டும். பள்ளிவாசலில் சுஜூது செய்ய வேண்டும். ஐம்பது வருடம் நாள்தோறும் விழுந்து எழுந்த ஒருவருக்கு ஒருநாள் எழ முடியாமல் போகிறது. அன்று முதல் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. கடவுளிடமிருந்து தாம் ஓர் அடி தள்ளி வைக்கப்பட்டதாக அவர்கள் உணர்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மண்டபத்தின் ஒழுங்கைக் காப்பதாக எண்ணிக்கொண்டு யாராவது ஒருவர் வந்து, பெரியவரே இங்கே நாற்காலி போடக்கூடாது என்று சொல்லிவிட்டால் அந்த அடி ஒரு மைலாகிவிடும். இத்தனைக்கும் ஔவையின் கதை நம்மிடம்தான் இருக்கிறது. கிழவிக்குக் கால் வலித்தால் கடவுள் சன்னதியிலும் நீட்டிக்கொள்ளலாம் என்று சொல்லும் தைரியம் அந்தக் கதையில் இருக்கிறது.

அதைச் சொன்ன அதே மனிதர், தம் கால்களை மடக்கியே வைத்திருந்தார் என்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு. வலியைத் தாங்கிக் காட்ட வேண்டும் என்ற வீரம் அதில் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொருவருக்கு மறுக்கப்பட்ட வசதியைத் தாம் மட்டும் வைத்துக்கொள்வதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. மற்ற ஏற்பு மறுப்புகளையும் இந்த அளவுகோலால் அளந்தால் ஒரு கணக்குத் தெரிகிறது. தடி, குமுட்டி, தைலம், நடைக்கு நேரம் ஆகியவற்றை ஏற்றார்; அவற்றால் யாருடைய பங்கும் குறையவில்லை. தனிச் சாப்பாட்டை மறுத்தார். உடல் மெலிந்த கடைசி ஆண்டுகளில் சத்துள்ள உணவு தேவை என்று சுற்றியிருந்தவர்கள் எவ்வளவு கெஞ்சியும், பந்தியில் எல்லாருக்கும் பரிமாறுவதற்கு மேல் எதையும் ஏற்கவில்லை. யாராவது மருந்து கொண்டுவந்தால் அதையும் ஹாலில் இருப்பவர்களுக்குப் பங்கிட்டுவிடுவார் என்று அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மலையும் மாடும்

சுமார் 2,670 அடி உயரமுள்ள அருணாசலம் அவருக்குக் குருவும் தெய்வமும் என்பது தெரிந்ததே. இந்த ஆய்வுக்கு வேண்டியது, அந்த நம்பிக்கை ஒரு முதியவரின் நாளில் என்ன உருவில் இருந்தது என்பது. நடக்கப் போவதற்கு ஒரு காரணமாக, உட்கார்ந்தால் கண்ணில் படும் ஒன்றாக, போன வருடம் எட்டிய பாறையை இந்த வருடம் எட்ட முடியவில்லை என்றாலும் அங்கேயே இருக்கும் ஒன்றாக அது இருந்தது. மலைக்குப் பதிலாக நம்மில் பலருக்கு ஒரு வேப்பமரமோ, வாய்க்காலோ, மொட்டைமாடித் துளசித்தொட்டியோ இருக்கலாம். காலையில் எழுந்ததும் எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒன்று இருப்பது, படுக்கையிலிருந்து முதல் காலைக் கீழே வைக்கும் அந்தக் கொடுமையான நொடிக்கு உதவுகிறது.

விலங்குகளோடு அவருக்கிருந்த உறவில் கனிவு மட்டும் இருந்ததாக எழுதுவது வழக்கம். கண்டிப்பான ஒரு நியாய உணர்வும் இருந்தது. மலையில் புதர் ஒன்றைக் கடக்கும்போது தெரியாமல் குளவிக் கூட்டில் தொடை உரசிவிட, கலைந்த குளவிகள் அந்தக் காலையே சூழ்ந்து கொட்டின. தவறு செய்தது இந்தக் கால்தானே என்று அவை அடங்கும்வரை அங்கேயே நின்றார். கால் வீங்கிச் சில நாள் துன்பப்பட்டார்.

லட்சுமி என்ற பசு 1926இல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்தது. ஏறத்தாழ 22 ஆண்டுகள் அவரோடு சேர்ந்து முதுமையடைந்தது. 1948 ஜூன் 18 அன்று அது தொழுவத்தில் கடைசி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, 68 வயதில், மடங்க மறுக்கும் முழங்கால்களோடு, அவர் அதன் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கித் தலையில் கை வைத்துத் தடவிக்கொடுத்தார். வயதான மாட்டுக்கருகில் தரையில் உட்கார்வது என்பது அந்த முழங்கால்களுக்கு என்ன விலை என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்குச் சமாதி எழுப்பி, மறைந்த நாளைக் குறித்து ஒரு வெண்பாவும் எழுதினார்.

நம்பிக்கை என்ன செய்தது

சூலை என்ற கடும் வயிற்றுவலியால் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடி வலி நீங்கப்பெற்ற வரலாறு தமிழ்ப் பக்திக்கு ஒரு மாதிரி வடிவம் கொடுத்துவிட்டது. வலி வரும், இறைவனை அழைப்போம், வலி போகும், போனது அருளுக்குச் சான்று. வைத்தீசுவரன் கோயிலிலும் வேளாங்கண்ணியிலும் நேர்ந்துகொள்ளும் ஒவ்வொருவர் மனத்திலும் இந்த வரிசை இருக்கிறது. போகாத வலிக்கு இந்த வரிசையில் இடம் இல்லை. முப்பது வருடமாகப் போகாத முதுகுவலிக்காரர் தம் பக்தியில்தான் குறையோ, அல்லது முன்வினைதான் இவ்வளவோ என்று தம்மையே குடைந்துகொள்வதைப் பார்க்கிறோம்.

ரமணரின் நோய்வரலாறு இந்த வரிசைக்குள் அடங்கவில்லை. 1914இல் தாய் அழகம்மாள் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, மகன் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். தாயைக் காப்பாற்றும்படி அருணாசலத்தை வேண்டி நான்கு பாடல்கள் எழுதினார். தாய் பிழைத்தார். ஆக, வேண்டுதல் என்பதே பொருளற்றது என்று நினைத்தவர் அல்லர் அவர். தம் முழங்காலுக்காகவோ, பின்னால் தம் கைக்காகவோ அப்படி ஒன்று அவர் எழுதவில்லை. பிறர் வலிக்குப் பிரார்த்தனை, தம் வலிக்குத் தைலம் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். கொஞ்சம் துடுக்கான சுருக்கம் என்றாலும் உண்மைக்கு வெகு தூரத்தில் இல்லை.

சார்கோமா வந்தபோது, உடலே ஒரு நோய், அதற்கு இயல்பான முடிவு வரட்டும், கையை வெட்ட வேண்டாம், கட்டுப்போட்டால் போதும் என்பது அவர் நிலை. ஆனாலும் அறுவைக்கும் ரேடியம் சிகிச்சைக்கும், பிறகு வந்த நாட்டு மருந்துக்கும் ஹோமியோபதிக்கும், அன்பர்கள் எதைக் கொண்டுவந்தார்களோ அதற்கெல்லாம் கையைக் காட்டினார். அவர்கள் இந்த உடலையே தாம் என்று எடுத்துக்கொண்டு அதற்குத் துன்பம் என்று வருந்துகிறார்களே என்று அவர்களுக்காக இரங்கியதாகவும் பதிவு உண்டு. இதை முழுதாகப் புரிந்துகொண்டதாக நான் சொல்ல மாட்டேன்.

நீண்ட காலம் மலைக்கு உணவு கொண்டுவந்த முதலியார் பாட்டி, முதுமையில் கண்பார்வை போன பின்பும் வருவதை நிறுத்தவில்லை. பார்க்க முடியாத பாட்டி எதற்கு வருகிறார் என்று ஒருவர் கேட்டதற்கு, தம்மால் பகவானைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, பகவான் தம்மைப் பார்ப்பாரே, அது போதும் என்று பதில் சொன்னார்.

எதை எடுத்துக்கொள்ளக்கூடாது

ஒருவரின் நோய்வரலாற்றை ஆராய்பவர் அதை எல்லாருக்கும் மருந்தாக எழுதிக்கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. ரமணருக்கு முறைவைத்துப் பணிவிடை செய்யத் தொண்டர்கள் இருந்தார்கள். சமைக்கவும் அரைக்கவும் சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சம்பூர்ணம்மாள் போன்ற பெண்கள் இருந்தார்கள். கை வலித்தாலும் மாவாட்டியே ஆக வேண்டும் என்ற நிலை அவருக்கு இல்லை. மருமகள் வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அறுபத்தைந்து வயதுப் பெண்ணின் முழங்கால் வேறு கணக்கில் வாழ்கிறது.

உணவு விஷயத்தில் எனக்கு வெளிப்படையான மாறுபாடே உண்டு. எல்லாருக்கும் உள்ளதுதான் எனக்கும் என்ற அவருடைய உறுதி, மடத்தின் தலைமையில் இருந்த ஓர் ஆண் எடுத்தது என்பதாலேயே பெருமை உடையது. தட்டு முதலில் தம்மிடம் வரும் இடத்திலிருந்து அவர் அதை மறுத்தார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் குழம்பில் சாப்பிடும் பாட்டிக்கு இந்தக் கதையை உபதேசமாகச் சொல்வது அநியாயம். வயதான தசைக்குப் புரதம் வேண்டும். தசை மெலிந்தால் மூட்டின் சுமை கூடும். சுமை கூடினால் நடை குறையும். நடை குறைந்தால் தசை மேலும் மெலியும். அவளுக்கு ஒரு முட்டையோ, ஒரு டம்ளர் பாலோ, ஒரு கிண்ணம் சுண்டலோ கூடுதலாக வைப்பதே சமம். வலியைச் சொல்லாமல் இருப்பதையும் அவளுக்குப் பரிந்துரைக்க முடியாது; அவள் ஏற்கெனவே சொல்லாமல்தான் இருக்கிறாள். சொல்லாததால் மருந்துக்கடையில் கிடைக்கும் வலிமாத்திரையைத் தானாக வாங்கித் தினமும் போட்டுக்கொண்டு, வயிற்றுப் புண்ணோடும் கெட்டுப்போன சிறுநீரகத்தோடும் மருத்துவரிடம் வந்து சேர்பவர்கள் குறைவல்லர்.

எடுத்துக்கொள்ளக் கூடியவை என்று நான் நினைப்பவை, மேலே நேரம் செலவழித்துச் சொன்ன இடங்களில்தான் இருக்கின்றன.

இப்போதும் ஆசிரமத்தில், அவர் கடைசி மாதங்களைக் கழித்த சிறு அறையை எட்டிப் பார்க்கலாம். அவர் பயன்படுத்திய பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன: கைத்தடி, கமண்டலம், மயில்தோகை விசிறி, சுழலும் புத்தக அலமாரி. நான் போயிருந்த ஒரு காலையில், முன்னால் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் இரு கைகளையும் சன்னல் விளிம்பில் ஊன்றி, உடல் பாரத்தை இடது காலுக்கு மாற்றி, பிறகு வலது காலுக்கு மாற்றி, நெடுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது. நகரச் சொல்லலாம் என்று அவருடைய மகன் தோளைத் தொட்டபோது, “இருடா, அந்தத் தடி எம்மாம் உயரம்னு பாத்துக்கிறேன்” என்றார்.